மாமனார் காலில் ஆறு ஆணி

அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அவருடைய காலைப் பார்த்துவிட்டேன். புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். குனிந்துகொண்டே போனேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு, அதன் மேல் நீட்டிவைத்த ஒரு வலது கால், முழங்காலுக்குக் கீழே கோணிப்பை தைத்த மாதிரி நீளமாக ஒரு தழும்பு. விழுந்து கும்பிட்டேன். ஆசீர்வாதம் பண்ண வேண்டிய மனுஷன் என் கையைப் பிடித்து இழுத்து அந்தத் தழும்பின் மேல் வைத்து அமுக்கினார்.

“தொட்டுப் பாரு புள்ள. பயப்படாத. உள்ள இரும்பு இருக்கு. வெள்ளைக்கார டாக்டர் வச்சது. ஆணிய எண்ணு பாப்போம்.”

எண்ணினேன். தோலுக்கு அடியில் பட்டாணி பட்டாணியாக ஆறு தலைகள் கையில் தட்டுப்பட்டன. தலையை நிமிர்த்தாமல், “ஆறு மாமா” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். என் கல்யாண வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். எண்பது வயதுக்கு மேலும் நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்காது. அருவருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் செத்து இத்தனை வருஷம் ஆகியும் அது போகவில்லை.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், ரோட்டில் பட்டாளம். கீழே ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டத்தில் பிறந்த என்னை லோரியில் ஏற்றி, முன்னால் ஒரு கவச வண்டி பின்னால் ஒரு கவச வண்டி போகத்தான் இந்தத் தேயிலை மலைக்குக் கொண்டுவந்தார்கள். லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தது. வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு கை அரிசி வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்காரனுக்குப் போகிறது என்று அர்த்தம்.

நான் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரிங்லெட் டவுனிலிருந்து சாமான் ஏற்றி வந்த தோட்டத்து லோரியைக் காட்டுக்காரர்கள் சுட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து வந்த என் மாமனாரின் கால் எலும்பு இரண்டாகிப் போயிற்று. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இரும்புப் பட்டையை எலும்போடு சேர்த்து ஆறு திருகாணி முடுக்கி அனுப்பினார்கள். அதுவரைக்கும் அவர் தேயிலைக் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வெட்டில் சாதாரண ஆள். திரும்பி வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரைக் கவ்வாத்து ஆட்களை மேய்க்கும் கங்காணி ஆக்கினார். தோட்டத்துக்காகக் குண்டு வாங்கிய கால் அல்லவா! பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் துரை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். இவர் காக்கிக் கால்சட்டை போட்டு, முழங்கால் வரைக்கும் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டு போவார். புல்தரையில் நின்று காலுறையைக் கீழே சுருட்டுவார். வெள்ளைக்காரர்கள் குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு டின் சிகரெட் கொடுப்பார்கள்.

அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஆள் யார், இடம் எது என்று கிடையாது. ரிங்லெட்டில், எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம்காரரின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து காலை மேசை மேல் தூக்கி வைத்து, “தொட்டுப் பாருங்க” என்பார். காக்கா பாவம், முதல் தடவை தொட்டுப் பார்த்து ஓசியில் தேநீர் கொடுத்தார். நாலாவது தடவை, “தொட்டது போதும்லா கங்காணி, வடைச் சட்டி பக்கத்துல கால வைக்காத” என்றாராம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்பிள்ளைகள் கூடையோடு வரிசையில் நின்றால், வேட்டியைத் தொடை வரை வழித்துக்கொண்டு அதே பேச்சு. வயசுக்கு வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் நான் ரொட்டிக்கு மாவு பிசையும் பலகைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கால் நீண்டிருக்கும். நிலக்கடலையைத் தோலோடு அந்த இரும்பு மேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். ‘டப்’ என்று உடையும். உடைத்த பருப்பை நம்மிடம் நீட்டுவார். சாப்பிடாவிட்டால் கோபம் வரும். நான் வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்த் துப்புவேன்.

அப்புறம் மழை ஜோசியம். “இரும்பு குத்துது. மத்தியானம் மழை வரும்” என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் அறிவிப்பார். இந்த மலையில் எந்த மத்தியானம் மழை வராமல் இருந்தது? ஆனாலும் ஆட்கள் தலையை ஆட்டுவார்கள். கங்காணி ஆயிற்றே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படி இல்லை. யார் வீட்டிலாவது ரேஷன் அரிசி சீக்கிரம் தீர்ந்துபோனால், அந்த ஆளைக் கூப்பிட்டு, “இது கம்யூனிஸ்ட்டு சுட்ட காலு. இந்த இரும்பு மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு, காட்டுக்கு அரிசி போடலன்னு” என்பார். கோயில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணும் சனம் இவர் காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணிற்று. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான் மறுத்தாள். அவள் புருஷன் கவ்வாத்துக் கூட்டத்தில் இருந்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டு இறங்கி, ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்து அரிசி தீர்ந்துபோயிருந்தது.

“மாரியாத்தா மேல பண்றேன் அண்ணே. என் புள்ளைங்க மேல பண்றேன். ஒங்க கால தொட மாட்டேன்” என்றாள்.

“ஏன்? அசிங்கமா இருக்கா?”

“ஆமா” என்றாள்.

மூன்றாம் நாள் அவள் புருஷனைப் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனது. பதினேழு நாள் கழித்து வந்தான். வந்தவன் அதற்குப் பிறகு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வேறு நேரத்தில் போகத் தொடங்கினேன். வீட்டுக்குள் வந்தால் அந்தக் கால் பெஞ்சு மேல் இருக்கும்.

அந்தக் காலுக்குத் தைலம் தேய்க்கும் வேலை என்னுடையது. மாமியார் இல்லாத வீடு. பெரட்டுக்குப் போகும் முன் தினமும் கால் மணி நேரம் யூகலிப்டஸ் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பேன். கண்ணால் பார்க்காவிட்டாலும் விரலுக்கு எல்லாம் தெரியும். ஆறு ஆணித் தலையும் எங்கே எங்கே என்று என் கட்டைவிரலுக்குப் பாடம்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, ஒரு தீபாவளி எண்ணெய்க்குளியல் அன்று, நாலாவது ஆணி என் விரலுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் சதை மேடாக இருந்தது. கல் மாதிரி இறுகிய சதை. அடுத்த மாதம் மூன்றாவதும் மறைந்தது.

“மாமா, ரெண்டு ஆணி கைக்குத் தட்டுப்படல. வீங்கியிருக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட காட்டலாமா?”

அவர் பயப்படுவார் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“வாடி புள்ள, ஒனக்கு ஒன்னு காட்றேன்.”

லயத்துக்கு மேலே போன வருஷம் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு நொண்டிக்கொண்டே அழைத்துப் போனார். ஒரு செடியை விலக்கிக் காட்டினார். கத்தி பட்ட கிளையின் வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை உதடு மாதிரி தடித்து உள்ளே மடிந்து வந்திருந்தது.

“பாத்தியா? முண்டு கட்டுது. வெட்டுன எடத்துல முண்டு கட்டுனா செடி பொழச்சிருச்சுன்னு அர்த்தம். கட்டாத செடிதான் காஞ்சி சாவும்.”

அதோடு விடவில்லை. வேலிக்கு இழுத்துப்போய் முள்கம்பி அடித்த மரத்தையும் காட்டினார். கம்பியை மரத்தோடு வைத்து அடித்த ஆணி முழுசாக மரத்துக்குள் போயிருந்தது. பட்டை அதை மூடி வளர்ந்துவிட்டது. “மரம் இரும்ப முழுங்கிருச்சு. மரம் என்ன செத்தா போச்சு? என் ஒடம்பும் அப்படித்தான். இரும்ப ஏத்துக்கிச்சு.”

முப்பது வருஷம் செடி வெட்டின கை அது. எந்தக் கிளை பிழைக்கும், எது காயும் என்று தூரத்தில் நின்றே சொல்லுவார். அதில் தப்பே வராது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கவ்வாத்துக் கூட்டம் மொத்தமும் நம்பிற்று. ஒவ்வொருவனாக வந்து மேட்டைத் தொட்டுப் பார்த்து, “ஆமா, நல்லா முண்டு கட்டியிருக்கு கங்காணி” என்று சொல்லிவிட்டுப் போனான். என் புருஷனும் அதே கூட்டத்து ஆள்தான். “அப்பாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?” என்றார்.

மேடு எலுமிச்சையானது, ஆரஞ்சுப் பழமானது. அவருக்கு வலித்தது. வலி வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து முற்றத்தில் நடப்பார். டிரெசர் என்றால் மட்டும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று ஒரு நாள் தெரிந்தது. என் புருஷன் எப்படியோ தைரியம் வந்து, “டிரெசர் சீட்டு எழுதுனா கீழ போயி பாத்துட்டு வந்துரலாம்பா” என்றார்.

“கீழ போனா இரும்ப எடுத்துருவான்டா. எடுத்துட்டா நான் யாரு? சொல்லு, நான் யாரு?”

என் புருஷன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முருகன் படத்துக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு இங்கிலீஷ் கடிதம். வெள்ளைக்கார டாக்டர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட், குண்டு வாங்கிய வீரன் என்று போட்டிருக்கிறது என்று அவர் சொல்லுவார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவோம். நானும்தான் காட்டியிருக்கிறேன். ஒரு நாள் அவர் வேலைக்குப் போன பிறகு அதை மடியில் வைத்து தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கொண்டுபோனேன். கிராணி குங்குமத்தைத் தட்டிவிட்டுப் படித்தார். அவர் முகம் மாறியது.

“இதுல சர்டிபிகேட்டும் இல்ல ஒன்னும் இல்ல. எலும்பு கூடுனப்புறம் ஒன்றரை வருசத்துல வந்து இரும்ப எடுத்துக்கணும், வலியோ வீக்கமோ வந்தா ஒடனே வரணும்னு எழுதியிருக்கு. ஆறு வருசம் ஆச்சே!” என்றவர், குரலைத் தாழ்த்தி, “நான் படிச்சேன்னு சொல்லிடாதம்மா. அந்த ஆளு வாயில விழ முடியாது” என்றார்.

ஆக, தெரிந்த ஆள் இரண்டாயிற்று. கிராணி தன் மேசைக்குத் திரும்பினார். நான் கடிதத்தைத் திரும்ப டின்னுக்குள் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் சூடம் காட்டினேன். இதை எழுதும்போதே என் மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. சொல்லியிருக்கலாம், அடித்திருப்பார், அவ்வளவுதானே? ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பயம் பாதி. மீதிப் பாதி, அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு தோல் வெடித்தது. நீர் வடிந்தது, ஊன் நாற்றம் அடித்தது. கவ்வாத்து வெட்டிய பெரிய கிளைகளில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க வெட்டுவாயில் தார் பூசுவார்கள். அவர் செய்ததை எப்படிச் சொல்வது? தார் டின்னையும் தூரிகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தன் காலுக்குத் தானே பூசிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு செடிக்குப் பூசுகிற நிதானத்தோடு, ஓரம் விடாமல் பூசினார். அதற்கு மேல் துணி, துணிக்கு மேல் கம்பளிக் காலுறை. அந்தத் துணியைத் தினமும் துவைத்தவள் நான். தாரும் சீழும் தைலமும் கலந்த அந்த வாடை என் சோற்றில் வந்தது, என் பிள்ளையின் தலைமயிரில் வந்தது. என் கையை எத்தனை தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாவிலிருந்து ஆள் வந்தான். துரைக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், கங்காணி வர வேண்டும். அவரால் தனியாக நடக்க முடியவில்லை. என் தோளில் கை ஊன்றிக்கொண்டு வந்தார். புல்தரையில் நாற்காலிகள், கேக்குத் தட்டு, இரண்டு வெள்ளைக்காரிகள். துரை எப்போதும் போல, “காட்டு, கங்காணி, காட்டு” என்றார்.

“இன்னிக்கிக் குளிருங்க தொரை” என்றார் இவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காலைக் காட்ட மாட்டேன் என்கிறார்! துரை சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். இவர் காலுறையை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். மூடிவிடு புள்ள என்று கண் கெஞ்சிற்று.

நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். காலுறையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கணுக்கால் வரைக்கும் இறக்கினேன். துணி தாரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துணியோடு தோலும் வந்தது.

காப்பாற்றுவதற்காகச் செய்தேனா, அவமானப்படுத்துவதற்காகச் செய்தேனா என்று என்னை நானே இத்தனை வருஷமாகக் கேட்டுவிட்டேன். இரண்டுக்கும்தான். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஒரு வெள்ளைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார். “மூடு! மூடு! கொண்டு போ!” என்று கத்தினார். அன்றைக்கே தோட்டத்து லோரி கீழே போயிற்று. ஒரு வருஷமாக மகனாலும் மருமகளாலும் முடியாததைத் துரையின் மூக்கு அரை நிமிஷத்தில் செய்து முடித்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். சின்ன வயசு. எங்கள் பாஷையில் பேசியதால் நான் தைரியமாகக் கேட்டேன்.

“இரும்பாலதான் வந்துச்சா டாக்டர்?”

“அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது. எத்தினையோ பேர் சாகுமட்டும் இரும்போட சும்மா திரியினம். ஆருக்காவது ஒருத்தருக்குத்தான் அதைச் சுத்திப் புற்று வருகுது. இரும்புதான் காரணமோ எண்டு பெரிய டாக்டர்மாருக்கே இன்னும் தெரியாது. ஆனா இது நேற்று வந்த வீக்கமில்லை அம்மா. இதை முதல்ல கண்டது ஆர்?”

“நான்” என்றேன். எப்போது என்று கேட்டார். போன தீபாவளி என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். தொடையோடு காலை எடுக்க வேண்டும், எடுத்தாலும் பயனில்லை, புற்று நெஞ்சுக்குள் போய்விட்டது என்றார்.

சில வருஷத்துக்கு முன் என் முட்டிக்கும் இரும்பு வைத்தார்கள். பயமாக இருக்கிறதா பாட்டி என்று டாக்டர் பெண் கேட்டாள். இரும்புக்கு நான் பயப்படவில்லை. எப்போது வந்து காட்ட வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். குறித்த தேதி ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை.

மாமனார் ஒற்றைக் காலோடு வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தாராம். இரும்புப் பட்டை ஒன்று, ஆணி ஆறு. கங்காணி வேலை அதற்குள் வேறொருவனுக்குப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி துடைத்துக்கொண்டிருப்பார். ஒருவரும் நிற்கவில்லை. முண்டு கட்டியிருக்கு என்று சொன்ன கவ்வாத்துக் கூட்டம் அந்தப் பக்கமே வரவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, வெட்டுப்பட்ட தொடையைத் தன் கையால் மெல்லத் தடவி, “ரொம்ப நோவுதா அண்ணே?” என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியைக் குடித்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் இருந்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பாய்க்கு எதிரே அடுப்படியில் நான் இருந்தேன்.

“புள்ள, மழை வருமா?” என்று கேட்டார்.

“வரும் மாமா.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “நெஞ்சுல என்னவோ கட்டியாட்டம் அடைக்குது. கொஞ்சம் தொட்டுப் பாரேன்.”

என் கை போகவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டேன். “அரிசி களையணும் மாமா” என்றேன்.

“சரி புள்ள. போயி களை” என்றார்.

அரிசி அவர் கண்ணெதிரே உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.